காது கேளாதோருடன் பொது இடங்களில் பேசிப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கவுண்டருக்கு ஒருவர் வருகிறார். நீங்கள் "சொல்லுங்க" என்கிறீர்கள். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைக்கிறார். இந்த இடத்தில் பலரும் குரலை உயர்த்திக் கத்துவார்கள். அல்லது கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, என்ன செய்வது என்று தெரியாத பதற்றம்தான். அந்த நொடியில் என்ன செய்வது, அதற்கு அப்புறம் பேச்சை எப்படிக் கொண்டுபோவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சைகை மொழி தெரியாதவர்களும் இதில் பெரும்பகுதியை இன்றே செய்யலாம்.

படி 1: காதின் வேலையைக் கண் பார்க்கிறது

மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

காது எந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒலியையும் வாங்கிக்கொள்ளும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும், குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதும் கேட்கும். கண் அப்படியில்லை. ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்கும். காது கேளாத ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது கையிலிருக்கும் தாளைப் பார்க்க முடியாது. தாளைப் பார்க்கும்போது நீங்கள் சொல்வது அவருக்குப் போய்ச் சேராது.

ஒரு படிவம் நிரப்பும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஊழியர் படிவத்தை நீட்டி, நான்காவது வரியில் விரலை வைத்து, "இங்க கையெழுத்து, கீழ தேதி, அப்புறம் அடையாள அட்டை நகல் ஒண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். எதிரே இருப்பவரின் கண் விரலோடு படிவத்துக்குப் போய்விட்டது. சொன்ன மூன்றில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் நிமிரும்போது ஊழியர் பேசி முடித்திருக்கிறார். இவர் கவனிக்கவில்லை என்று ஊழியருக்கு எரிச்சல், ஊழியர் எதுவும் சொல்லவே இல்லை என்று எதிரே இருப்பவருக்குக் குழப்பம்.

இதையே இப்படிச் செய்து பாருங்கள். படிவத்தைக் காட்டுங்கள். அவர் பார்த்து முடித்து நிமிரும் வரை வாயைத் திறக்காதீர்கள். நிமிர்ந்ததும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், அல்லது சைகையில் காட்டுங்கள். மறுபடி படிவத்தில் இடத்தைச் சுட்டுங்கள். மறுபடி காத்திருங்கள். மொத்தத்தில் அரை நிமிடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். கணினித் திரையைக் காட்டிப் பேசும் வங்கி ஊழியர், எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பேசும் மருத்துவர், கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தும் ஆசிரியர் எல்லோருக்கும் இதே முறைதான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்பவர் இதை மாற்றிக்கொண்டால் போதும்.

படி 2: எப்படிப் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் இழப்பு உள்ளவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர். இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழியிலேயே வளர்ந்தவர் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் செவித்திறன் போனவர் இன்னொருவர். அவருக்குச் சைகை ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பேச்சும் எழுத்தும் சரளமாக வரும். செவிக்கருவி மாட்டியிருப்பவர், காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருத்தியவர், கண்பார்வையும் இல்லாததால் எதிராளியின் கைகளைத் தொட்டே சைகையைப் படிப்பவர் என்று இன்னும் பலர்.

ஆகவே பார்த்த உடனே நீங்களாக ஒரு முடிவுக்கு வராதீர்கள். பேனாவைக் காட்டி எழுதுவது போலக் கையை அசைக்கலாம், போனைக் காட்டலாம், கேள்வியோடு புருவத்தை உயர்த்தலாம். அவர் தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுப்பார். பெரும்பாலும் நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் போனை எடுத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பார். காது கேட்கிறவர்களோடு சமாளிக்கும் அனுபவம் உங்களைவிட அவருக்கு அதிகம்.

செவிக்கருவி கண்ணாடி மாதிரி இல்லை. கண்ணாடி போட்டால் பார்வை தெளிந்துவிடும். செவிக்கருவி ஒலியைப் பெருக்கும், கூடவே மின்விசிறி இரைச்சலையும் பின்னால் பேசுபவர்களையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும். "அதான் மெஷின் மாட்டியிருக்காரே, கேட்காதா?" என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, "செவிடு", "ஊமை" என்ற சொற்கள் இன்று வசவாகத்தான் போய்ச் சேரும். காது கேளாதவர் என்று சொன்னாலே போதும், சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

படி 3: கவனத்தை ஈர்ப்பது

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது, முகத்துக்கு நேரே கையை ஆட்டுவது, எதையாவது தூக்கி எறிவது ஆகியவை வேண்டாம். அவருடைய பார்வையின் ஓரத்தில் படும்படி கையை லேசாக அசையுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் தோளிலோ மேல்கையிலோ இரண்டு முறை மெதுவாகத் தட்டலாம். அறிமுகமில்லாதவரானாலும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேசையைத் தட்டினால் அதிர்வு போய்ச் சேரும். பலர் இருக்கும் அறை என்றால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவது உலகின் பல இடங்களில் காது கேளாதோரிடையே வழக்கம். ஆனால் ஓயாமல் அணைத்து அணைத்துப் போட்டால் அது கத்துவதற்குச் சமம்.

படி 4: உதட்டைப் படிக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள்

உதட்டசைவைப் படிப்பது பாதி ஊகம். "மாலை எடுத்து வையுங்கள்", "பாலை எடுத்து வையுங்கள்" இரண்டையும் கண்ணாடி முன்னால் நின்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள். ம, ப இரண்டுக்கும் உதடுகள் ஒட்டிப் பிரிவது ஒன்று போலவே தெரியும். க, ங இரண்டும் தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. நல்ல பழக்கம் உள்ளவர்கூடச் சூழலை வைத்துத்தான் மீதியை நிரப்பிக்கொள்கிறார். எதைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்தால் அவரால் ஊகிக்க முடியும், பேச்சு திடீரென்று வேறு பக்கம் போனால் முடியாது. எனவே விஷயம் மாறும்போது முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி, கத்தினால் வாய் கோணும், உதட்டசைவு கெடும். ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் பேசினாலும் அதே கதிதான். இயல்பான வேகத்தில், சற்று நிதானமாகப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டில் போய்விடும். வாயில் எதையாவது மென்றுகொண்டும், தாடையில் கை வைத்துக்கொண்டும் பேசாதீர்கள். முகக்கவசம் போட்டிருந்தால் உதட்டசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை, உடனே எழுத்துக்குப் போய்விடலாம்.

ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே நான்கு முறை சொல்வதில் பயனில்லை. வேறு சொற்களில் சொல்லுங்கள். எண், தேதி, நேரம், பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை எப்போதும் எழுதிக் காட்டுங்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

படி 5: எழுதும்போது

எழுத்து பெரிய துணை, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு, நாம் எழுதும் மொழி இரண்டாவது மொழி. அந்த மொழியின் ஒலியை ஒருநாளும் கேட்காமல், பள்ளியில் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றது. அவர் எழுதும் வாக்கியத்தில் வேற்றுமை உருபு விடுபட்டிருக்கலாம், சொல் வரிசை மாறியிருக்கலாம். அதை வைத்து அவருடைய அறிவை எடை போடுபவர்கள், தாங்கள் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் கடிதம் எழுதிப் பார்க்கட்டும்.

சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு வரியில் ஒரு விஷயம். "நீங்கள் முன்பே விண்ணப்பித்திருந்தால் தவிர இன்று வழங்க இயலாத நிலை உள்ளது" என்று எழுதாமல், "இன்று கிடைக்காது. நாளை காலை 10 மணிக்கு வாருங்கள்" என்று எழுதுங்கள். காது கேட்கிறவர்களுக்கும் இதுதான் வசதி என்பது வேறு விஷயம்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இப்போது பலருடைய போனிலும் இருக்கின்றன. அமைதியான இடத்தில், ஒருவர் மட்டும் பேசும்போது நன்றாகவே உதவும். இரைச்சலில் சொதப்பும், ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கண்டபடி மாற்றிப் போடும். திரையில் என்ன விழுந்திருக்கிறது என்று நீங்களும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: தலையாட்டலை நம்பாதீர்கள், "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று சொல்லாதீர்கள்

அவர் தலையாட்டினால் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்று பொருளாக இருக்கலாம். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாள் முழுக்க "என்ன? இன்னொரு தடவை" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றும் தலையாட்டுவார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். "அடுத்து எப்போது வருவீர்கள்?", "இந்த மாத்திரை எத்தனை?" என்று கேளுங்கள். பதிலில் விஷயம் இருந்தால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு பேர் சிரிக்கிறார்கள். காது கேளாதவர் என்ன விஷயம் என்று கேட்கிறார். "ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. சொந்த வீட்டிலேயே, சாப்பாட்டு வேளையிலேயே, வருடக்கணக்காக இதைப் பார்த்தவர்கள் அநேகம். விஷயம் அற்பமாகவே இருக்கட்டும், சொல்லிவிடுங்கள். அது சொல்லத் தக்கதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

படி 7: சைகை மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்வது

சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல. தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி. அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்து, வில்லியம் ஸ்டோகி 1960-இல் இதை மொழியியல் முறைப்படி எடுத்துக்காட்டினார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு ஆகியவை சேர்ந்து சொல்லாகின்றன. முகமும் இலக்கணத்தில் சேர்த்தி. பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால், ஆம் இல்லை என்று பதில் சொல்லும் கேள்வி. அதனால் சைகையில் பேசுபவரின் முகத்தைப் பார்த்து "ஏன் இவ்வளவு கோபம்?" என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வெறுமனே "டீ குடிச்சாச்சா?" என்றுகூடக் கேட்டிருக்கலாம்.

உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்ற எண்ணமும் தவறு. 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன என்கிறது ஐக்கிய நாடுகள் சபை. ஆங்கிலம் பேசும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சைகை மொழிகள் முற்றிலும் வேறு. விரலெழுத்துக்கு (சொல்லை எழுத்தெழுத்தாக விரல்களால் காட்டுவதற்கு) பிரிட்டனில் இரண்டு கை, அமெரிக்காவில் ஒரு கை. அமெரிக்க சைகை மொழி பிரெஞ்சு சைகை மொழிக்குத்தான் உறவு. 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது, பாரிஸிலிருந்து வந்த காது கேளாத ஆசிரியர் லோரான் கிளெர்க் கொண்டுவந்தது அது. ஆகவே இணையத்தில் முதலில் கண்ணில் படும் வீடியோவைப் பார்த்துக் கற்காதீர்கள், உங்கள் நாட்டு சைகை மொழிதானா என்று பாருங்கள். முடிந்தால் காது கேளாத ஆசிரியரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? வணக்கம், நன்றி, மன்னிக்கவும், இன்னொரு முறை, மெதுவாக, கொஞ்சம் இருங்கள், எங்கே, எவ்வளவு, உதவி வேண்டுமா. அப்புறம் எண்கள். அப்புறம் விரலெழுத்து. இவ்வளவு தெரிந்தாலே ஒரு கவுண்டரில் பாதி வேலை முடிந்துவிடும். விரலெழுத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒவ்வொரு எழுத்துக்கும் கையைக் குதிக்க விடுவார்கள். கையை ஒரே இடத்தில் நிலையாக வையுங்கள், வேகத்தைவிடத் தெளிவுதான் முக்கியம். காட்டுவது சீக்கிரம் வந்துவிடும், பிறர் காட்டுவதைப் படிப்பதுதான் நாளெடுக்கும். உங்களுக்கென்று ஒரு சைகைப் பெயரை (உங்களைக் குறிக்கும் தனிச் சைகையை) நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். பழகிய காது கேளாத நண்பர்கள் வைப்பதுதான் வழக்கம்.

வயதான சிலர் பொது இடத்தில் சைகையைச் சுருக்கமாக, இடுப்பு மட்டத்தில், ஒளித்துச் செய்வதைப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோர் கல்வி பற்றிய ஆசிரியர்கள் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன்பின் பல நாடுகளில் பல தலைமுறைக் குழந்தைகள் வகுப்பில் கையை அசைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவிக்க 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சில்மார்க் என்ற ஊரில் ஏறக்குறைய 25 பேரில் ஒருவருக்குக் காது கேளாது. அதனால் காது கேட்கிறவர்களும் சைகை கற்றிருந்தார்கள். கூப்பிட்டால் எட்டாத தூரத்தில் இருந்த படகுகளுக்கு நடுவிலும் சைகையிலேயே பேச்சு நடந்தது.

படி 8: வழியில் இருவர் சைகையில் பேசிக்கொண்டிருந்தால்

நடைபாதையில் இருவர் எதிரெதிரே நின்று சைகையில் பேசுகிறார்கள், நீங்கள் நடுவே போக வேண்டும். குனிந்து, தயங்கி, மன்னிப்புக் கேட்டு நின்றால் பேச்சு இன்னும் அதிக நேரம் அறுபடும். நிற்காமல் கடந்து போய்விடுங்கள். அவர்கள் தொடர்வார்கள்.

உற்றுப் பார்க்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை. சொல்ல வேண்டியது போன் கேமராவைப் பற்றி. பேருந்தில் சைகையில் பேசிய ஜோடியை "எவ்வளவு அழகு!" என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அது அவர்களுடைய சொந்தப் பேச்சு. சைகை தெரிந்த அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல் குசுகுசுக்கும் வசதி சைகையில் குறைவு, உடம்பைத் திருப்பி மறைத்துக்கொள்வதுதான் வழி. உங்களுக்குச் சைகை தெரியும் என்றால், தெரியும் என்று ஒரு வணக்கத்தில் காட்டிவிடுவது நாகரிகம். இல்லாவிட்டால் அது ஒட்டுக்கேட்பதுதான்.

படி 9: மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்கும்போது

மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், வேலைக்கான நேர்காணல் போன்ற இடங்களில் தாள், பேனாவோடு சமாளிக்க நினைக்கக் கூடாது. பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரிலோ வீடியோ கால் வழியாகவோ.

அவரை உங்கள் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்கார வையுங்கள். காது கேளாதவர் எதிரே இருக்கட்டும். அப்போதுதான் உங்கள் முகத்தையும் சைகையையும் அவர் ஒரே பார்வையில் பார்க்க முடியும். பிறகு நேராகக் காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள். "அவருக்கு எத்தனை நாளா வலின்னு கேளுங்க" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சைகையில் சொல்வார். எதிரே இருப்பவர், யாரோ ஒருவரைப் பற்றி ஏன் தன்னிடம் பேசுகிறார்கள் என்று பார்ப்பார். "உங்களுக்கு எத்தனை நாளா வலி இருக்கு?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சைகை செய்யும்போது காதில் விழுவது மொழிபெயர்ப்பாளரின் குரல், ஆனால் பேசுவது அவர். கண் அவர் மீதே இருக்கட்டும். முதல் சில நிமிடம் விசித்திரமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மொழிபெயர்ப்பு உங்கள் பேச்சுக்குச் சில வினாடிகள் பின்தங்கியே வரும். "கேள்வி இருக்கா?" என்று கேட்ட கையோடு "சரி, இல்லை" என்று முடித்துவிட்டால், கேள்வி அவருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கூட்டம் கலைந்திருக்கும். நீண்ட நிகழ்ச்சிக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், அதற்கு மேல் தனியாகச் செய்தால் தரம் சரியும். அங்கே பேசப்பட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய தொழில் நெறி. "நீங்க என்ன நினைக்கிறீங்க, இவர் சொல்றது உண்மையா?" என்று அவர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள்.

காது கேளாத பெற்றோருடன் வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்வது சுலபமாகத் தோன்றும். கடைத்தெருவில் சரி. அம்மாவுக்கு வந்திருக்கும் நோயை அம்மாவிடம் சொல்லும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். கணவரோ சகோதரரோ வந்திருந்தாலும் இதே சிக்கல்தான். அவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள், அல்லது நோயாளிக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

படி 10: கூட்டம், வகுப்பு, நிகழ்ச்சி

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகவோ அரைவட்டமாகவோ போடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், பேசப் போகிறவர் கையை உயர்த்த வேண்டும், எல்லோரும் அவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். திரையில் படம் காட்டுவதற்காக விளக்கை முழுவதும் அணைத்தால் மொழிபெயர்ப்பாளர் இருட்டில் மறைந்துவிடுவார். வீடியோ போடுவதாக இருந்தால் வசனம் எழுத்தில் வர வேண்டும். பேச்சாளரின் குறிப்புகளையும் வரப்போகும் பெயர்களையும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். கைதட்டலுக்குப் பதில் இரு கைகளையும் மேலே தூக்கி விரல்களை விரித்து அசைப்பது பல நாடுகளில் காது கேளாதோர் வழக்கம். மேடையில் இருப்பவருக்குக் கண்ணில் தெரியும் பாராட்டு அது.

படி 11: ஒலிபெருக்கி மட்டும் பேசும் இடங்களும் அவசர நேரமும்

ரயில் நடைமேடை மாறிவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். காது கேளாதவர் ஓடும் கூட்டத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடக்கிறது என்று அறிகிறார். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், புதிய நடைமேடை எண்ணைப் போனில் பெரிதாகத் தட்டிக் காட்டுங்கள், அது போதும். இடத்தை நிர்வகிப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: ஒலியில் சொல்லும் ஒவ்வொன்றும் அதே நேரத்தில் திரையில் எழுத்தாக வர வேண்டும். வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்களில் டோக்கன் எண் திரை வையுங்கள். இன்டர்காம் மட்டும் உள்ள வாசலும், போன் எண் மட்டும் உள்ள புகார் மையமும் காது கேளாதவருக்குப் பூட்டிய கதவுதான். குறுஞ்செய்தி வழி ஒன்றாவது இருக்கட்டும்.

தீ எச்சரிக்கைக்கு ஒலியோடு மின்னும் விளக்கும் தேவை. கழிப்பறையிலும் வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தங்கும் விடுதிகளில் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவி இருந்தால் நல்லது. கட்டடத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றும்போது காது கேளாதவர் அறையில் தனியாக இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆளை முன்கூட்டியே நியமியுங்கள்.

காவல், பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் கவனிக்க: பின்னாலிருந்து "நில்லு" என்று கத்தியும் நிற்காதவருக்குக் காது கேளாமல் இருக்கலாம். அவர் பையில் கை விடுவது அடையாள அட்டையையோ போனையோ எடுப்பதற்காக இருக்கலாம். முகத்தில் டார்ச் அடித்தால் அவருக்கு உங்கள் வாயும் தெரியாது, கையும் தெரியாது. வெளிச்சத்தை உங்கள் மீது திருப்பிக்கொள்ளுங்கள். கைகளைப் பின்னால் கட்டினால் அவர் வாயைக் கட்டியதற்கு ஒப்பு, விசாரணையின்போது கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். விபத்தில் அடிபட்டவர் என்றாலும் அப்படித்தான். ஊசிக் குழாயை எந்தக் கையில் ஏற்றுவது என்று அவரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள், பேசுவதற்கு ஒரு கையாவது மீதம் வேண்டும்.